பிசுபிசுத்த மாத்திரை

தானே புயல் கரையைக் கடப்பதற்கு முந்தின ராத்திரி அம்மா ஒரு முன்னேற்பாடு செய்தாள். தம்பியின் வலிப்பு மாத்திரை அட்டைகள் அலமாரியில் இருந்தால் நனைந்துவிடும் என்று, இருந்த அத்தனையையும் பிதுக்கி எடுத்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, மூடியை அழுத்தி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். 2011 டிசம்பர் 30 காலையில் எங்கள் கடலூர் முதுநகர் வீட்டின் ஓடுகளில் பாதி பறந்திருந்தது. அரிசிப் பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மழைக்காலத்தில் வெளியே வைத்த வெல்லம் மாதிரி கசிந்து கிடந்தன. விரலால் தொட்டால் நூல் இழுத்தது. சோடியம் வால்ப்ரோயேட் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் உப்பு. கடலோரத்துக் காற்று, போதாததற்குப் புயல். மழைக்குப் பயந்து பிரித்துப் போட்ட அந்த அட்டைதான் அதற்குக் கூரை. நான் அப்போது டி.பார்ம் முதல் வருஷம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பானைக்குள் டப்பாவை வைத்தபோது விளக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளே நான்தான்.

கரண்ட் இல்லை, பஸ் இல்லை, ரோடு முழுக்க மரம். திறந்திருந்த ஒன்றிரண்டு மெடிக்கல்ஸில் அந்த மாத்திரை இல்லை. ஒட்டியதில் பிய்த்தெடுத்து அரைகுறையாக ஒரு வேளை கொடுத்தோம். கொசுவிலும் புழுக்கத்திலும் மூன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வாசலில் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்த தம்பி ஒரு சத்தம் போட்டு விழுந்தான். பக்கத்து வீட்டு அண்ணன் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு, தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று ஊரே நம்புவதற்கு அந்த இரண்டு நிமிஷம்தான் காரணம். பெரும்பாலான வலிப்பு தானாகவே அதற்குள் நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போகும்.

பெயர் என்றதும் இன்னொன்று. காக்காய் வலிப்பில் காக்காய் எங்கே வந்தது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். கால் கை வலிப்புதான் வாய்க்கு வாய் மாறிக் காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். காக்காய் பிடிப்பதற்கும் இதே கதைதான் சொல்வார்கள். ஆனால் படிக்கும்போது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. காக்காய்க்கொல்லி என்று ஒரு கொடியின் விதை உண்டு. குளத்தில் இடித்துப் போட்டால் மீன் மயங்கி மேலே மிதக்கும். அந்த விதையில் இருக்கும் விஷத்துக்குப் பிக்ரோடாக்சின் என்று பெயர். மூளையில் அடங்கு என்று சொல்கிற ஒரு கதவை அடைத்து வலிப்பை வரவழைக்கிற பொருள் அது. ஆய்வுக்கூடங்களில் எலிக்கு வலிப்பு உண்டாக்கி மருந்து பரிசோதிப்பதற்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காக்காய் கடைசியில் எப்படியோ கதைக்குள் வந்துவிட்டது.

அந்தக் கதவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல்ஸில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். எந்த நாளும் யாராவது ஒருவர் கேட்கிறார்: “இந்த மாத்திரை மூளையில போய் என்னாம்மா பண்ணுது? மந்தமாக்கிடுமா?” கூட்டத்தில் பதில் சொல்ல முடிவதில்லை.

மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்வது ரசாயனத்தால். கிளம்பு என்று சொல்வதில் பெரிய ஆள் குளூட்டமேட். அடங்கு என்று சொல்வதில் பெரிய ஆள் காபா. இரண்டும் எதிரிகள் என்றுதான் பாடத்தில் படிப்போம். எனக்கு ஆச்சரியம் தந்தது அதற்கு அடுத்த பக்கம். காபா செய்யப்படுவதே குளூட்டமேட்டிலிருந்துதான். குளூட்டமேட்டிலிருந்து ஒரே ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டால் மிச்சம் காபா. ஒரே பாளையில் வடிகிற நீர், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர், தடவாத கலயத்தில் விழுந்தால் கள். இங்கே சுண்ணாம்பு வேலையைச் செய்வது குளூட்டமேட் டிகார்பாக்ஸிலேஸ் என்ற நொதி. 1950இல் யூஜின் ராபர்ட்ஸும் ஹோர்ஹே அவபாராவும் தனித்தனியாக மூளையில் காபா இருப்பதைக் கண்டபோது, அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அந்த நொதி தனியாக வேலை செய்யாது. வைட்டமின் பி6 கூட இருக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு டப்பாப்பால் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பதப்படுத்தும் சூட்டில் அதிலிருந்த பி6 அழிந்துபோயிருந்தது. பி6 கொடுத்ததும் நின்றது. டிபி நோயாளிகளுக்கு ஐசோநியாசிடோடு பைரிடாக்சின் சேர்த்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பைரிடாக்சின் என்பது பி6தான். முதல் காரணம் கை கால் நரம்பு கெடாமல் இருக்க. ஆனால் ஐசோநியாசிடை யாராவது அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் நிற்காத வலிப்பு வரும். பி6 முடங்கி, காபா தயாரிப்பு நின்றுபோவதால் அது வருகிறது. அதற்கு முறிவு மருந்தும் ஊசியில் பி6தான்.

அப்படியானால் காபாவையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே? தம்பி பத்தாவது படிக்கும்போதே இதைக் கேட்டான். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிற வாசலில் காவல் பலம். விழுங்கிய காபா அந்த வாசலைத் தாண்டுவது அரிது. அஜினோமோட்டோ வலிப்பைக் கூட்டும் என்கிற அம்மாவின் பயத்துக்கும் இதே காவல்தான் பதில். 1908இல் ஜப்பானில் இகேடா என்ற வேதியியலாளர் கடல்பாசியிலிருந்து பிரித்து, பிறகு அஜினோமோட்டோ என்று கடைக்கு வந்த சுவை குளூட்டமேட்தான். தக்காளியில் இருப்பதும் அதுதான். சாப்பாட்டில் போகிற குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எடுத்துக்கொள்கிறது. மூளைக்கு வேண்டியதை மூளை தானே செய்துகொள்கிறது. இதை நான் சொல்லியும் அம்மா அவனுக்கு ஃபிரைடு ரைஸ் வாங்கித் தருவதில்லை. அதில் வேறு லாபங்கள் இருப்பதால் நான் வற்புறுத்துவதில்லை.

உள்ளே காபாவை ஊற்ற முடியாது, சரி. உள்ளே உண்டாகிற காபா வெளியேறும் வழியில் கை வைக்கலாம் அல்லவா?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிவிட்டால் என்ன ஆகும்? மேற்கே ஒரு சொட்டு மழை கூடுதலாகப் பெய்ய வேண்டாம். தண்ணீர் பின்வாங்கி நிற்கும். காபாவுக்கும் ஒரு முகத்துவாரம் உண்டு. வேலை முடிந்த காபாவை நரம்பு செல்லும் பக்கத்திலிருக்கும் துணை செல்லும் உறிஞ்சிக்கொள்ளும். அங்கே காபா ட்ரான்ஸ்அமினேஸ் என்ற நொதி அதை உடைத்து சக்சினிக் செமிஆல்டிஹைடு ஆக்கும். இன்னொரு நொதி அதைச் சக்சினேட் ஆக்கும். சக்சினேட் செல்லின் அடுப்பில் விறகாக எரிந்துபோகும். அடங்கு என்று சொன்ன பொருளே கடைசியில் எரிபொருள். மூளை எதையும் வீணாக்குவதில்லை. எங்கள் ஆயா மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவாள், அந்த ரகம்.

இந்த வழியில் திட்டம் போட்டு மணல் கொட்டிய மருந்து விகாபட்ரின். பார்ப்பதற்குக் காபா மாதிரியே இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பிடிக்கும். பிடித்த கையை அப்புறம் விடவே முடியாது, அந்த நொதி அதோடு முடிந்தது. புது நொதி செய்துகொள்ள மூளைக்கு நாள் பிடிக்கும். அதனால்தான் மருந்து ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் கழிந்தாலும் வேலை நாள் கணக்கில் நிற்கிறது. 1990களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உயிரோடிருக்கும் மனிதர்களின் மூளையிலேயே, எம்ஆர்ஐ காந்தத்தை வைத்து, காபாவை அளந்து காட்டினார்கள். விகாபட்ரின் சாப்பிடுகிறவர்களிடம் அது இரண்டு மடங்கு அளவுக்கு ஏறியிருந்தது. தியாகாபைன் என்ற மருந்து இன்னொரு இடத்தில் தடுக்கிறது: காபாவை உறிஞ்சிக்கொள்கிற பம்பையே அடைக்கிறது. பழைய கார்டினால், அதாவது ஃபினோபார்பிட்டால், 1912இலிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. காபாவின் அளவை அது பெரிதாகத் தொடுவதில்லை. காபா தட்டினால் திறக்கிற குளோரைடு கதவை அது கூடுதல் நேரம் திறந்து பிடிக்கிறது. குளோபசாம், டயசிபாம் வகையறா அதே கதவை அடிக்கடி திறக்க வைக்கின்றன. ஃபெனிட்டாயின், கார்பமசிபைன் இரண்டுக்கும் இந்தப் பக்கம் வேலையே குறைவு. அவை சோடியம் வாசலில் நின்று, வெறிபிடித்தது போல விடாமல் சுடுகிற செல்லை மட்டும் அடக்குகின்றன. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியது காபாபென்டின். காபாவைப் போலச் செய்யப் போய், கால்சியம் வாசல் ஒன்றின் துணைப் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இதை வைத்துப் பார்த்தால் காபா எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். தம்பியின் வலிப்பு என்னைத் திருத்தியது.

அவனுக்குப் பதிமூன்று வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கை ஒரு வெட்டு வெட்டும். பிரஷ் தெறிக்கும். ஒரு தடவை காபி டம்ளர் போய்ச் சுவரிலிருந்த காலண்டரில் அடித்தது. முருகன் முகத்தில் காபி வழிந்தது. “தூக்கக் கலக்கத்துல ஆடாதடா” என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். கொஞ்ச நாளில் பெரிய வலிப்பு வந்தது. ஒரு தனியார் மருத்துவர் பெரிய வலிப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கார்பமசிபைன் எழுதினார். மாத்திரையை ஒழுங்காகத்தான் கொடுத்தோம். காலை வெட்டு ஒன்று இருந்தது பத்தானது. டோஸை ஏற்றினார். இன்னும் கூடியது. மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறான் என்று அவனைத்தான் திட்டினார்கள்.

பிறகு புதுச்சேரி கோரிமேட்டிலிருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரி. முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நின்று நின்று போகும். ஜிப்மருக்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். அங்கே ஒரு இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, காலைல கையிலேர்ந்து எதாவது தெறிக்குதா?” அம்மா அழுதுவிட்டாள். முதுகில் வைத்த அடி ஞாபகம் வந்திருக்கும்.

ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. 1957இல் டீட்டர் யான்ஸ் என்ற ஜெர்மானியர் விரிவாக எழுதிய வகை. வளரும் வயதில் வரும், தூக்கம் கெட்டால் கூடும், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். இந்த வகையில் கார்பமசிபைன் வெட்டைக் கூட்டலாம். அத்தோடு காபாவை இரண்டு மடங்காக்குகிறதே விகாபட்ரின், அதுவும் கூட்டலாம்.

இது எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது. பாடலீஸ்வரர் தேரை நினைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரும் அவரவர் இஷ்டத்துக்கு இழுத்தால் தேர் அசையாது. எல்லாரையும் ஒரு நொடி நிறுத்தி அப்புறம் ஒன்றாக விட்டால்தான் அசையும். வலிப்பு என்பது செல்கள் அதிகமாகச் சுடுவது மட்டும் இல்லை, ஒன்றாகச் சேர்ந்து சுடுவது. சில வகை வலிப்பில், முக்கியமாகக் குழந்தைகள் சில நொடி வெறித்துப் பார்க்கிற வகையில், மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸ் செல்களைக் காபா ஒன்றாக அடக்கும்போது அந்த அடக்கமே கால்சியம் வாசல்களை அடுத்த சுடலுக்குத் தயார் செய்துவிடுகிறது. அடங்கிய கூட்டம் சேர்ந்தே எழுகிறது. அடங்கு என்ற ஒரே சொல்லே கூட்டத்துக்கு ‘ஹரோ ஹரா’ ஆகிவிடுகிறது.

தம்பிக்குக் கேட்டது வால்ப்ரோயேட். எனக்கு எல்லா மருந்துகளிலும் பிடித்த கதை இதனுடையது. 1882இல் பர்ட்டன் என்பவர் செய்த வால்ப்ராயிக் அமிலம், எண்பது வருஷம் வெறும் கரைப்பான். கரையாத மருந்தைக் கரைப்பதற்கு ஊற்றுவார்கள், அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸின் கிரெனோபிளில் பியர் எமார் என்ற ஆய்வு மாணவர் புதுப் பொருட்களை இதில் கரைத்தார். வலிப்பு வரவழைத்த விலங்குகளுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது எல்லாமே வேலை செய்தன. எல்லாமே வேலை செய்தால் சந்தேகம் வர வேண்டாமா? வந்தது. சூரணத்தைக் குழைத்துக் கொடுக்கிற தேன்தான் நோயைத் தீர்த்தது என்றால் வைத்தியருக்கு எப்படி இருந்திருக்கும்? அனுபானமே மருந்தாகிவிட்டது. 1967இல் பிரான்ஸில் கடைக்கு வந்தது.

இதுவும் காபாவை ஏற்றுகிறது, எலிகளின் மூளையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் விகாபட்ரின் மாதிரி ஒரே இடத்தில் கரை கட்டுவதில்லை. உடைக்கும் வழியின் இரண்டாவது நொதியைக் கொஞ்சம் தடுக்கிறது, முதலாவதைச் சற்றே தடுக்கிறது, காபா செய்யும் நொதியைக் கொஞ்சம் முடுக்குகிறது. சோடியம் வாசலிலும் கை வைக்கிறது. வலிப்பை நிறுத்துவது இவற்றில் எது என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் சொந்த அபிப்பிராயம், ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்று தேடுகிற பழக்கத்தால்தான் அந்த வாதம் முடியவில்லை. எங்கள் வீட்டு மீன் குழம்பு எதனால் ருசி என்று அம்மாவைக் கேட்டால் அவளும் ஒன்றைச் சொல்ல மாட்டாள்.

இத்தனை இடத்தில் கை வைக்கிற மருந்து வலிப்போடு நிற்குமா? இன்னொரு கவுன்டர் காட்சி. புதுத் தாலி மினுங்க ஒரு பெண் வந்தாள். பிரிஸ்கிரிப்ஷன் பழையது, மடிப்பு கிழிந்திருந்தது. “அக்கா, வீட்டுக்காரருக்குத் தெரியாது, கவர் மாத்திப் போட்டுக் குடுங்க.” வால்ப்ரோயேட். கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சியிலோ கற்றலிலோ பாதிப்பு. அவளாக நிறுத்தினால் வலிப்பு வந்து அதுவும் உயிருக்கு ஆபத்து. கூட்டத்தை விட்டு ஓரமாகக் கூப்பிட்டு, நிறுத்தவும் கூடாது, இப்படியே தொடரவும் கூடாது, குழந்தை உண்டாவதற்கு முன்னாலேயே நரம்பு டாக்டரைப் பார், மாற்று மருந்து இருக்கிறது என்று சொன்னேன். வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தைச் செல்லாது என்று ரத்துக் கேட்க இடம் தந்த வார்த்தையை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இலேயே எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் முகத்தில் சட்டம் ஏறவில்லை. மாமியார்தான் தெரிந்தார். கவரை மாற்றித்தான் கொடுத்தேன்.

முள்ளோடை எல்லையில் வரிசையாக இருக்கிற சாராயக் கடைகளையும் இதில் சேர்க்க வேண்டும். சாராயமும் காபாவின் கதவைத்தான் தட்டுகிறது. வருஷக்கணக்கில் தட்டினால் மூளை அலுத்துப்போய்க் கதவின் உணர்ச்சியைக் குறைத்து, குளூட்டமேட் பக்கத்தைக் கூட்டிச் சமன் செய்துகொள்கிறது. மாலை போடுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்துகிறவருக்கு இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வருவது இதனால்தான். நல்ல புத்தி வந்த மனுஷனுக்குச் சாமி கொடுத்த தண்டனையா என்று ஒரு அம்மாள் என்னிடம் அழுதார். நிறுத்தட்டும், ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்தட்டும் என்றேன்.

தம்பி இப்போது செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். வலிப்பு வந்து வருஷங்கள் ஆகின்றன. கை நடுக்கம் இருக்கிறது, வால்ப்ரோயேட் தருகிற மெல்லிய நடுக்கம். டீ கிளாஸில் தெரியாது, சாலிடரிங் அயர்ன் பிடிக்கும்போது தெரியும். ஒரு தடவை கேட்டுக்கொண்டதன் பேரில் டாக்டர் டோஸைக் குறைத்து லெவெடிராசெட்டாம் சேர்த்தார். அது வேறு இடம், சேதிப் பொருளை அடைத்து வைத்திருக்கும் பைகளின் மேலுள்ள ஒரு புரதம். நடுக்கம் குறைந்தது. கோபம் வந்தது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அம்மாவிடம் குரலை உயர்த்தாதவன், சட்னியில் உப்பு கூட என்று தட்டைத் தள்ளினான். இரண்டு மாதத்தில் அவனே போய், “பழையதையே குடுங்க சார், கை ஆடுனா ஆடட்டும்” என்று மாற்றிக்கொண்டு வந்தான்.

போன வாரம் என் போனின் சார்ஜிங் பின்னை மாற்றக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பழைய பேட்டரியை அடுக்கி அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்கிறான். கண்ணாடிக்குள்ளே பார்த்துக்கொண்டே அயர்ன் நுனியைக் கிட்டத்தில் கொண்டுவருகிறான், நுனி காற்றில் சின்னதாக ஆடுகிறது. மூச்சை முழுக்க விட்டுவிட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன்னால் தொட்டு எடுத்துவிடுகிறான். ஈயம் பளபளவென்று உட்கார்ந்துவிட்டது. மேஜை டிராயரில் அட்டை பிரிக்காத மாத்திரை, அதன் மேலே ரப்பர் பேண்ட். பிரிப்பது ஒன்பது மணிக்கு, வாயில் போடும்போதுதான்.